5 சதவீதமா, 40 சதவீதமா? பிடி-எல்1 ஆன்டிபாடிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சித்தப்பா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் இரண்டு பிடிஎஃப் அனுப்பியிருந்தான். அவன் மாமனாருக்கு நுரையீரலில் கட்டி. அடினோகார்சினோமா என்ற புற்று வகை என்று பயாப்ஸியில் உறுதியாகி, அடுத்து என்ன மருந்து என்று முடிவெடுக்கும் கட்டத்தில் இருந்தார்கள். அதற்குக் கட்டிச்செல்களின் மேல் பிடி-எல்1 என்ற புரதம் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பார்கள். முதல் ரிப்போர்ட்டில் ஒரே வரி: பிடி-எல்1, 5 சதவீதம். சந்தேகத்துக்கு இன்னொரு லேப்பில் கொடுத்துப் பார்த்ததில் இரண்டாவது ரிப்போர்ட்: பிடி-எல்1, குளோன் 22சி3, 40 சதவீதம். இரண்டும் ஒரே பாரஃபின் பிளாக்கில் (மெழுகில் பதித்த திசு) இருந்து வெட்டிய ஸ்லைடுகள்.

"அக்கா, யாரோ ஒருத்தர் தப்பு பண்ணியிருக்காங்க. எந்த லேப்பை நம்புறது?"

நான் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் இல்லை. திசு ஆய்வகத்தில் ஆன்டிபாடிகளோடு, அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளோடு, மாரடிக்கிறவள். அதனால் மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், முதல் லேப்பைக் கூப்பிட்டு எந்த குளோன் (எந்த ஆன்டிபாடி வகை), எந்த மெஷின் என்று கேட்டு வா என்று மட்டும் சொன்னேன். பதில் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் அவனுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அந்தப் புரதம்

டி செல் என்பது உடம்புக்குள் ரோந்து போகிற காவல்காரன். எதிரே வரும் செல்லைத் தொட்டுத் தடவிப் பார்க்கும். அந்த நேரத்தில் எதிர்ச்செல்லின் மேல் பிடி-எல்1 இருந்தால், டி செல்லின் மேலிருக்கும் பிடி-1 அதைப் பற்றிக்கொள்ளும். "நம்ம ஆள்தான், விட்டுடு" என்கிற மாதிரி ஒரு சமிக்ஞை உள்ளே போகும். டி செல்லின் வேகம் அடங்கிவிடும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நோயெதிர்ப்பு ஆற்றல் நம் உடம்பையே கடித்துக் குதறும். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியின் வெளிச்செல்களில் பிடி-எல்1 அப்பிக்கிடப்பதைப் பார்க்கலாம். பாதி அப்பாவின் மரபணுவோடு வளரும் குழந்தையைத் தாயின் டி செல்கள் தாக்காமல் இருக்க அதுவும் ஒரு காரணம். புற்றுச்செல் இதே வித்தையைக் களவாடிக்கொள்கிறது. அந்தப் பிடியைத் தடுத்து டி செல்லை விடுவிப்பதுதான் கீழே வரும் இம்யூனோதெரபி மருந்துகளின் வேலை.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் 1992இல் பிடி-1ஐக் கண்டுபிடித்தபோது அதன் ஜோடி எது என்று தெரியாது. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லீபிங் சென்னின் குழு பி7-எச்1 என்ற பெயரில் ஒரு புரதத்தை விவரித்தது. அடுத்த ஆண்டே கார்டன் ஃப்ரீமனும் ஹோஞ்சோவும் சேர்ந்த குழு, பிடி-1உடன் கைகோப்பது இதுதான் என்று காட்டி பிடி-எல்1 என்று பெயர் வைத்தது. 2018இல் ஹோஞ்சோவுக்கு ஜேம்ஸ் ஆலிசனோடு சேர்த்து நோபல் கிடைத்தது.

ஆன்டிபாடி வேலைக்கு முக்கியமானது இந்தப் புரதத்தின் உடலமைப்பு. மொத்தம் 290 அமினோ அமிலங்கள். பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு முறை செல்சவ்வைத் துளைத்து உள்ளே போகும். உள்ளே சுமார் 30 அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு குட்டி வால். வெளியே இருக்கும் பகுதியில் நாலு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். கணக்குப்படி இதன் எடை 33 கிலோடால்டன். வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் முறை) ஓட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. மேலே 45, 50 பக்கத்தில் ஒரு மங்கலான, தடித்த பட்டை வரும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஆன்டிபாடி கெட்டுப்போச்சு என்று ஓடி வருவார்கள். பிஎன்ஜி-ஏஸ் எஃப் என்ற நொதியைப் போட்டுச் சர்க்கரையை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டச் சொல்வேன். பட்டை சரசரவென்று இறங்கி 33க்குப் பக்கத்தில் மெல்லிய கோடாக வந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் இந்தப் புரதத்தைப் பற்றி அப்புறம் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எப்படி இத்தனை ஆன்டிபாடி வந்தது

2012இல் வந்த ஒரு மருத்துவ ஆய்வில்தான் எல்லாம் தொடங்கியது. பின்னாளில் நிவோலுமாப் என்று அறியப்பட்ட மருந்தின் முதல்கட்டச் சோதனை. அதில் 42 நோயாளிகளின் கட்டித் திசுவை எடுத்து, லீபிங் சென் ஆய்வகத்தில் உருவான 5எச்1 என்ற எலி ஆன்டிபாடியால் சாயமேற்றிப் பார்த்தார்கள். பிடி-எல்1 இல்லாத 17 பேரில் ஒருவருக்குக்கூட கட்டி சுருங்கவில்லை. இருந்த 25 பேரில் 9 பேருக்குச் சுருங்கியது.

இந்த 17க்குச் சுழியம் என்கிற எண் எல்லோரையும் சொக்கவைத்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் பிடி-எல்1 தெரியாதவர்களில் சிலருக்கும் மருந்து கேட்டது என்பது வேறு விஷயம். ஆனால் அதற்குள் ஒவ்வொரு மருந்து நிறுவனமும் தன் மருந்துக்கென்று ஒரு ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பெம்ப்ரோலிசுமாபுக்கு 22சி3, எலியில் இருந்து வந்தது. நிவோலுமாபுக்கு 28-8, முயலில் இருந்து வந்தது. அட்டெசோலிசுமாபுக்கு எஸ்பி142, துர்வாலுமாபுக்கு எஸ்பி263, இரண்டும் முயல். முதல் இரண்டும் டாக்கோ மெஷினில் ஓடும், அடுத்த இரண்டும் வென்டானா மெஷினில். அவெலுமாபுக்கு 73-10 என்று ஐந்தாவதும் பின்னால் வந்து சேர்ந்தது.

அதோடு விட்டார்களா? எண்ணுகிற முறையும் ஆளுக்கு ஒன்று. 22சி3 என்றால் குறைந்தது 100 உயிருள்ள கட்டிச்செல்களை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை செல்களின் விளிம்பில் பழுப்பு தெரிகிறது என்று எண்ண வேண்டும்; விளிம்பு முழுக்கத் தெரிய வேண்டாம், மங்கலாக இருந்தாலும் கணக்கில் சேரும். இதற்கு டிபிஎஸ் என்று பெயர். 1 சதவீதமும் 50 சதவீதமும் முக்கியமான எல்லைகள். எஸ்பி263க்கு முதலில் 25 சதவீதம் எல்லை. எஸ்பி142 இன்னும் விசேஷம்: கட்டிச்செல்களைத் தனியாக எண்ண வேண்டும், கட்டிக்குள் நுழைந்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் எவ்வளவு பரப்பைப் பிடித்திருக்கின்றன என்றும் தனியாகச் சொல்ல வேண்டும்.

2015 அக்டோபர் 2ஆம் தேதி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, நுரையீரல் புற்றுக்கு பெம்ப்ரோலிசுமாபையும் 22சி3 சோதனையையும் சேர்த்து அனுமதித்தது. அன்றைய விதிப்படி அந்தச் சோதனை செய்யாமல் மருந்து கொடுக்கக் கூடாது. சரியாக ஒரு வாரம் கழித்து நிவோலுமாபுக்கு 28-8. அது செய்தாலும் செய்யாவிட்டாலும் மருந்து கொடுக்கலாம். ஒரே நோய், ஒரே புரதம், ஒரே வாரத்தில் இரண்டு விதி. பயாப்ஸியில் கிடைப்பதோ ஊசிமுனை அளவுத் திசு. அதை வைத்துக்கொண்டு நாலு சோதனை செய் என்றால் எந்த நோயியல் டாக்டர் ஒத்துக்கொள்வார்?

புளூபிரிண்ட்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, போட்டி நிறுவனங்களே ஒரே மேஜையில் உட்கார்ந்தன. புளூபிரிண்ட் திட்டம் என்று பெயர். 39 நுரையீரல் கட்டிகளை எடுத்து, நாலு சோதனையையும் அந்தந்த நிறுவனம் சொன்ன முறைப்படியே செய்து, மூன்று நிபுணர்களைப் படிக்கச் சொன்னார்கள். 2017இல் முடிவு வெளியானது. 22சி3, 28-8, எஸ்பி263 மூன்றும் கட்டிச்செல் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுபோல வந்தன. எஸ்பி142 மட்டும் தொடர்ந்து குறைவாகக் காட்டியது.

எந்தச் சோதனையை எந்த எல்லையோடு பயன்படுத்தினாலும் மாறாமல் நின்ற கட்டிகள், எண்ணிக்கைக்கு எடுத்துக்கொண்ட 38இல் 24தான்: 19 எல்லாவற்றிலும் எல்லைக்கு மேலே, 5 எல்லாவற்றிலும் கீழே. மீதி 14 கட்டிகளுக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், விடை நீங்கள் எந்தச் சோதனையை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தம்பி இரண்டு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு முழித்த மாதிரி, 38இல் 14 பேர் வீட்டில் முழிக்க வேண்டியிருந்திருக்கும்.

அதே ஆண்டு நோயியல் நிபுணர் டேவிட் ரிம் தலைமையில் 90 கட்டிகள், 13 நோயியல் டாக்டர்கள், 22சி3, 28-8, எஸ்பி142, இ1எல்3என் என்று நாலு ஆன்டிபாடிகளை வைத்து இன்னொரு ஆய்வு. அங்கேயும் எஸ்பி142 தான் தனித்து நின்றது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொரு எண். கட்டிச்செல்களை எண்ணுவதில் 13 பேரும் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதற்கு 1க்கு 0.86. நோயெதிர்ப்புச் செல்களை எண்ணுவதில் 0.19. இது ஏறத்தாழ ஆளுக்கொரு விடை என்று சொல்வதற்குச் சமம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நுரையீரல் ஸ்லைடு ஒன்றை 40 மடங்கு லென்ஸில் பாருங்கள். காற்றறைக்குள் பருத்துக் கிடக்கும் மேக்ரோஃபேஜ்கள் (குப்பையை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) பிடி-எல்1 சாயத்தைப் பளிச்சென்று ஏற்றுக்கொள்ளும். கட்டிச்செல்களுக்கு நடுவே அவை புகுந்துவிட்டால், உட்கரு கொஞ்சம் சிறிது, நுரைத்த மாதிரி சைட்டோபிளாசம் என்று நிதானமாகப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தால் எனக்கே 10 சதவீதம் ஏறும்.

குற்றவாளி யார்?

எஸ்பி142 மோசமான ஆன்டிபாடி என்ற பேச்சு அப்போது பரவலாகக் கிளம்பியது. காரணமும் தயாராக இருந்தது: 22சி3யும் 28-8உம் புரதத்தின் வெளிப்பகுதியைப் பிடிக்கின்றன, எஸ்பி142 உள்ளே இருக்கும் வாலைப் பிடிக்கிறது, அதனால் வித்தியாசம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எஸ்பி263உம் வாலைத்தானே பிடிக்கிறது, அது ஏன் மற்ற இரண்டோடு ஒத்துப்போகிறது?

புரதத்தைத் துண்டு துண்டாக்கி எந்த ஆன்டிபாடி எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தவர்கள் சொன்ன பதில்தான் இந்தக் கேஸின் திருப்பம். எஸ்பி142, எஸ்பி263 இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டுகின்றன: வாலின் கடைசி முனையில், கடைசிச் சில அமினோ அமிலங்களில். கிட்டத்தட்ட ஒரே பிடி. ஒன்று கட்டிச்செல்லைக் குறைவாகக் காட்டுகிறது, மற்றது நிறைய காட்டுகிறது.

இன்னொரு சான்று யேல் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தது, அதுவும் 2017இல். எஸ்பி142 உட்பட ஆறு ஆன்டிபாடிகளை எடுத்து, நிறுவனங்களின் கிட்டை ஒதுக்கிவைத்து, ஒளிர்சாய முறையில் அளந்து பார்த்தார்கள். ஆறும் நன்றாகவே ஒத்துப்போயின. அப்படியென்றால் வித்தியாசம் ஆன்டிபாடிக்குள் இல்லை, அதைச் சுற்றியுள்ள வேலையில் இருக்கிறது.

அந்த வேலை என்ன என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்கலாம். பிளாக்கில் இருந்து 4 மைக்ரான் தடிமனுக்கு ஒரு சீவல். வெங்காயத் தோலைவிட மெல்லியது, தண்ணீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்த வேண்டும். மெழுகைக் கரைத்துக் கழுவ வேண்டும். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருக்கும். அந்தக் கட்டை அவிழ்க்க, காரகாடித்தன்மை (பிஎச்) சரிசெய்த பஃபரில் சூடாக்க வேண்டும். எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்பது முதல் திருகு. அடுத்து ஆன்டிபாடி: எத்தனை மைக்ரோகிராம், எவ்வளவு நேரம் என்பது இரண்டாவது திருகு. அதைப் பிடிக்க இரண்டாவது ஆன்டிபாடி, அதன் முதுகில் ஒரு நொதி, நொதிக்குத் தீனியாக டிஏபி. நொதி டிஏபியைத் தின்று பழுப்பாகத் துப்பும். உட்கரு தெரிய நீலத்தில் ஹெமாடாக்ஸிலின். நாம் மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவது கடைசியில் அந்தப் பழுப்பைத்தான்.

எஸ்பி142 கிட்டில் இதற்குமேல் இன்னொரு படி உண்டு, சாயத்தைப் பெருக்குகிற படி. நொதி இருக்கும் இடத்திலேயே மேலும் மேலும் ஒட்டுமிடங்களை உண்டாக்கிப் பழுப்பைக் குவிக்கும். அதனால்தான் எஸ்பி142 ஸ்லைடில் நோயெதிர்ப்புச் செல்களின் மேல் மிளகுப்பொடி தூவிய மாதிரி கரும்புள்ளிகள் திரண்டு நிற்கும். எஸ்பி263 கிட்டில் அந்தப் படி கிடையாது. ஆன்டிபாடியின் அளவு, சூடு, பெருக்கம் என்று மொத்தச் சமையலையும் கட்டிச்செல்லோடு நோயெதிர்ப்புச் செல்லும் எடுப்பாகத் தெரியும்படி அமைத்த சோதனை எஸ்பி142. ஒரே புளியை வைத்து ஒருத்தர் ரசம் வைக்கிறார், இன்னொருத்தர் வத்தக்குழம்பு வைக்கிறார். புளிப்பு ஏன் ஒன்றாக இல்லை என்று புளியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளுக்கு வேறு தொல்லை. அங்கேதான் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. 2019இல் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் மியென்-சீ ஹங்கின் குழு, ஸ்லைடின் மேலேயே சர்க்கரையை நொதியால் வெட்டிவிட்டு 28-8ஆல் சாயமேற்றியது. முன்பு பிடி-எல்1 இல்லை என்று சொன்ன சில திசுக்களில் புரதம் தெரியவந்தது. மருந்து கேட்டதற்கும் அந்தப் புதிய கணக்குக்கும் பொருத்தம் கூடியது. வெஸ்டர்ன் பிளாட்டில் பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே வித்தைதான். இதை ஏன் வழக்கமான சோதனையாக எல்லா இடத்திலும் கொண்டுவரவில்லை என்றால், அனுமதி வாங்கிய கிட்டில் ஒரு படியை மாற்றினாலும் அது சட்டப்படி வேறு சோதனை ஆகிவிடும்.

என் பங்குக்கு ஒரு தப்பு

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு ஆய்வகத்தில், தலை-கழுத்துப் புற்று மாதிரிகள் இருபது சொச்சத்தை பிடி-எல்1க்கு ஓட்டினேன். பாதிக்கு மேல் வெறுமை. எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் இந்த வகைக் கட்டியில் ஓரளவாவது தெரிய வேண்டும். சாயம் ஒழுங்காக ஏறியதா என்று சரிபார்க்கக் கூடவே ஓட்டும் கட்டுப்பாட்டு ஸ்லைடைப் பார்த்தேன். நாங்கள் வைப்பது டான்சில்: உள்மடிப்பு எபிதீலியத்தில் அழுத்தமான பழுப்பு வரணும், முளைமையத்தில் மேக்ரோஃபேஜ்கள் லேசாகத் தெரியணும், ரத்தக்குழாய்ச் சுவரும் மேற்பரப்பு எபிதீலியமும் சுத்தமாக இருக்கணும். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்போ ஆன்டிபாடி, மெஷின், டிஏபி எதுவும் கெடவில்லை.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் டப்பாவில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தேன். டான்சில் ஸ்லைடு அந்த வாரம் வெட்டியது. நோயாளி ஸ்லைடுகளை யாரோ எட்டு மாதத்துக்கு முன்பே வெட்டி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, கையெழுத்து என்னுடையதுதான். வெட்டி வைத்த சீவலின் முகம் காற்றும் ஈரமும் பட்டுப் பட்டு, பிடி-எல்1 அடையாளம் மங்கிக்கொண்டே போகும். அதே பிளாக்கில் இருந்து புதிதாக வெட்டி ஓட்டினேன். ஏழு மாதிரிகள் வெறுமையில் இருந்து பழுப்புக்கு மாறின.

அதற்குப் பிறகு எந்தப் புதுக் குளோன் வந்தாலும் எங்கள் வழக்கம் இது. செல் வகைகள் இரண்டு: எம்டிஏ-எம்பி-231, நிறைய பிடி-எல்1 உள்ளது, எம்சிஎஃப்-7, கிட்டத்தட்ட இல்லாதது. இரண்டுமே மார்பகப் புற்றில் இருந்து வந்த செல்கள் என்பதால் ஒப்பிட வசதி. அப்புறம் ஏ549 நுரையீரல் செல்லை, நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதமான இன்டர்ஃபெரான்-காமா போட்டும் போடாமலும் ஒரு ஜோடி. இன்டர்ஃபெரான் பட்டால் பிடி-எல்1 ஏறியாக வேண்டும், ஏறவில்லை என்றால் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது. பிடி-எல்1ஐ உண்டாக்கும் சிடி274 மரபணுவையே நீக்கிய செல் கையில் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை: புரதமே இல்லாத செல்லில் பழுப்பு வந்தால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போடலாம். அப்புறம் நஞ்சுக்கொடி. திசு ஃபார்மலினில் எத்தனை மணி நேரம் கிடந்தது, எலும்பு மாதிரி என்றால் அமிலத்தில் போட்டார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். அமிலத்தில் ஊறிய எலும்பில் பிடி-எல்1 தெரியவில்லை என்றால் அதற்கு அர்த்தமே கிடையாது. ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு வாங்கிய குளோனை மிச்சமிருக்கிறதே என்று பாரஃபின் ஸ்லைடில் ஊற்றுகிறவர்களும் உண்டு. உயிரோடு மிதக்கும் செல்லில் புரதம் மடிந்திருக்கும் விதம் வேறு, ஃபார்மலினில் கட்டுண்ட திசுவில் வேறு. ஒன்றில் ஜோராக வேலை செய்யும் குளோன் மற்றதில் ஊமையாக இருக்கும்.

குறைவாகக் காட்டிய சோதனையே சரியாகச் சொன்ன இடம்

எஸ்பி142ஐ ஒதுக்கிவிடலாமா என்றால், மார்பகப் புற்று ஆய்வு ஒன்று குறுக்கே வந்தது. மும்மை எதிர்மறை வகை மார்பகப் புற்றில் அட்டெசோலிசுமாபைச் சோதித்த இம்பேஷன்130. 902 பேர் சேர்ந்த ஆய்வு, முடிவு வந்தது 2018இல். எஸ்பி142இல் நோயெதிர்ப்புச் செல் 1 சதவீதமோ மேலோ இருந்தவர்களுக்கு மருந்து உதவியது. 2019 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பிறகு அதே ஆய்வில் கிடைத்த 614 பேரின் திசுவை மற்ற சோதனைகளிலும் ஓட்டிப் பார்த்தார்கள். எஸ்பி142இல் பிடி-எல்1 உள்ளவர்கள் 46 சதவீதம். எஸ்பி263இல் 75. 22சி3இல், கட்டிச்செல்லையும் நோயெதிர்ப்புச் செல்லையும் சேர்த்து எண்ணும் சிபிஎஸ் முறையில், 81. எஸ்பி142இல் வந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் மற்ற இரண்டிலும் வந்தார்கள். கூடுதலாக மற்ற இரண்டில் மட்டும் வந்தவர்களுக்கு மருந்தால் சொல்லிக்கொள்ளும்படி பயன் இல்லை. நுரையீரலில் குறைவாகக் காட்டுகிறது என்று திட்டு வாங்கிய சோதனை, இங்கே யாருக்குப் பயன் என்று நெருக்கமாகப் பிரித்துக் காட்டியது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. அந்த மருந்தின் ஆய்வு முழுவதும் அந்தச் சோதனையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தது. நிறையப் பழுப்பு காட்டுவதும் சரியான ஆளைக் காட்டுவதும் ஒன்றல்ல.

கதை அங்கேயும் நிற்கவில்லை. துணை மருந்தை மாற்றிச் செய்த இம்பேஷன்131 தோற்றது. 2021 ஆகஸ்டில் அட்டெசோலிசுமாபைத் தயாரிக்கும் ரோஷ் நிறுவனம் அமெரிக்காவில் அந்த நோய்க்கான அனுமதியைத் தானே திரும்பப் பெற்றது. அதற்கு முன்பே, 2020 நவம்பரில், அதே நோய்க்கு பெம்ப்ரோலிசுமாப் வந்துவிட்டது. அதற்கு 22சி3, சிபிஎஸ் 10 என்ற எல்லை. ஒரே நோய்க்கு இரண்டு வருடத்துக்குள் ஆன்டிபாடியும் மாறி, எண்ணும் முறையும் மாறி, எல்லையும் மாறியது. ஸ்லைடு ஓட்டுகிற டெக்னீஷியனுக்கு இதையெல்லாம் யார் உட்கார்ந்து சொன்னார்கள்?

செவ்வாய்க்கிழமை

முதல் லேப்பில் இருந்து பதில் வந்தது. தம்பிக்கு விவரம் புரியாது என்று என்னையே லைனில் சேர்த்தான். எடுத்தவர் பொறுமையானவர். "மேடம், அது எஸ்பி142 மேடம். அன்னைக்கு மார்பகக் கேஸ் நாலு இருந்துச்சு, அதே ரன்ல இதையும் வச்சிட்டோம். குளோன் பேர் ரிப்போர்ட் டெம்ப்ளேட்ல வராது" என்றார். நோயெதிர்ப்புச் செல் எவ்வளவு என்று கேட்டேன். தேடிப் பார்த்து, "அது 10 பர்சென்ட் போல இருக்கு, எழுதலை" என்றார்.

ஆக 5ம் தப்பில்லை, 40ம் தப்பில்லை. 5 என்பது எஸ்பி142 சோதனையின் கட்டிச்செல் கணக்கு. அதை டிபிஎஸ் என்று படிக்கக் கூடாது. 40 என்பது 22சி3 டிபிஎஸ். பெயரைப் போடாமல் எண்ணை மட்டும் போட்டதுதான் பிரச்சினை. திருத்திய ரிப்போர்ட் கேட்டு வாங்கச் சொன்னேன். குளோன், மெஷின், எண்ணிய முறை, எத்தனை கட்டிச்செல் இருந்தது என்று நாலும் எழுதி மறுநாள் அனுப்பினார்கள்.

அதை எடுத்துக்கொண்டு தம்பி புற்றுநோய் டாக்டரிடம் போனான். அவர் 22சி3 ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஜீன் ரிப்போர்ட்டைப் பார்த்தார், இரண்டு நிமிடம் கூட ஆகவில்லையாம். "50க்கு மேல இருந்தா இம்யூனோதெரபி மட்டும் தனியா கொடுக்கலாமான்னு யோசிச்சிருப்பேன். 40ங்கிறதால கீமோவோட சேர்த்துத்தான் கொடுக்கணும். நீங்க அந்த 5ஐக் கொண்டு வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்" என்றிருக்கிறார்.

"அப்ப ரெண்டு நாளா நாம எதுக்குக்கா பேசிக்கிட்டு இருந்தோம்?" என்று கேட்டான். முதல் ஊசி அடுத்த வியாழக்கிழமை என்று தேதி வாங்கிவிட்டு வந்திருந்தான்.